அவருக்காகத் தூங்கியவள்

"சார், அந்த மயிலாத்தா விஷயம் என்னங்க பண்றது?"

"என்ன ஆச்சு?"

"நேத்து ஆஸ்பத்திரியிலயே போயிட்டாங்க. தூங்கினவங்க எந்திரிக்கவே இல்லைங்களாம். அவங்க தங்கச்சி கீழ வந்து உக்காந்திருக்குது. என்ன நடந்துச்சுன்னு கேக்குது."

"ம்."

"சோதனை முடிவுல அவங்களையும் சேத்துத்தானுங்களே சொல்லோணும்?"

"நடுவுல நின்னுட்டாங்கன்னு போட்டுக்க, தாமு. சொந்தக் காரணம்."

"சார்..."

"காப்பில சக்கரையே இல்ல. வேறொண்ணு கொண்டாரச் சொல்லு."

அம்சவேணிக்கு இந்தப் பேச்சு ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது. டம்ளரின் விளிம்பு உதட்டைச் சுட்டது நினைவிருந்தது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க மூலையில் வைத்திருந்த பெயின்ட் வாளி நினைவிருந்தது. உதவியாளன் தாமோதரன் மேசை விளிம்பையே பார்த்தபடி பேசியதும், அவன் சட்டைப் பையில் பேனா கசிந்து நீலமாய்ப் படர்ந்திருந்ததும்கூட நினைவிருந்தது. காப்பியில் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்ததை மறைக்கத்தான் சர்க்கரைப் பேச்சு. அதுவும் அவளுக்குத் தெரியும்.

இத்தனையும் தெரிந்த அவள் அன்று அந்த அறையில் இல்லை. பீளமேட்டில் இருந்த கணவரின் ஆய்வுக்கூடத்து மாடிப்படியை அவள் மிதித்ததே கிடையாது. அந்தப் பேச்சு நடந்தபோது சாய்பாபா காலனி வீட்டில், ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு, அவருடைய தூக்கத்தைத் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் தூக்கத்தில்தான் அந்தக் காப்பியும் அந்த நீலக்கறையும் அவளிடம் வந்து சேர்ந்தன.

ஆறு வருடங்களுக்கு முந்தைய கதை அது. இப்போது டெல்லியில் ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில், கணவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, அது மறுபடியும் மனதில் ஓடியது.

எதிரே கேமரா. தமிழ்த் தொலைக்காட்சியிலிருந்து வந்திருந்த பெண் மைக்கை நீட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் நல்லசிவத்துக்கு அன்று மதியம் விஞ்ஞானச் சிகரம் விருது. நாட்டில் ஒரு விஞ்ஞானி எட்டக்கூடிய உயரம் அதுதான். அந்த விருதைப் பெறும் கண்டுபிடிப்பை ஒரே வருடத்தில் நாடு முழுவதும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அரசின் பொறுப்பு என்று சட்டமே இருந்தது. இன்னொரு வழக்கமும் உண்டு. கண்டுபிடித்தவர் மேடையில் எல்லோர் முன்னிலையிலும் அதைச் செய்து காட்டிய பிறகுதான் பதக்கம் கழுத்தில் ஏறும். போன வருடம் ஓர் அம்மையார் சாக்கடைத் தண்ணீரைத் தன் வடிகட்டியில் ஊற்றி, ஒரு டம்ளர் குடித்துக் காட்டினார். நாடே கை தட்டியது.

"சார், சாதாரண ஜனங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன்," என்றாள் அந்தப் பெண்.

"நான் திருப்பூர்க்காரனுங்க. எங்கப்பா சாயப்பட்டறை வெச்சிருந்தாரு. அதனால துணிய வெச்சே சொல்லிடறேன்." நல்லசிவம் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "மூளைங்கறது ஒரு சட்டை. நாள் பூரா போட்டுட்டுத் திரிஞ்சா அழுக்காகும். தூக்கம்ங்கறது தோய்க்கற வேலை. அன்னன்னிக்கு நடந்தத அலசி, வேண்டாதத ஓட்டி, வேணுங்கறத மடிச்சு வெக்கறது. ஆனா ஒவ்வொருத்தரும் அவங்கவங்க சட்டைய அவங்கவங்களேதான் தோய்க்கோணும்னு யாரு சொன்னது? காலைல பத்து நிமிஷம் இந்தப் பட்டையக் கட்டினா என்னோட நாள் இதுல இறங்கிக்கும். உறங்குதுணைன்னு ஒருத்தரு எனக்குப் பதிலா இதக் கட்டிட்டுத் தூங்குவாங்க. சாயங்காலம் தோய்ச்ச சட்டை எனக்குத் திரும்பி வந்துரும். நான் இருபத்தி நாலு மணி நேரமும் வேலை பாக்கலாம்."

"உங்க உறங்குதுணை உங்க மனைவியேதான் இல்லையா?"

"வேற யாருங்க எனக்காகத் தூங்குவாங்க? சம்பளம் கேக்க மாட்டா. லீவும் கேக்க மாட்டா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்சவேணியும் சிரித்தாள். அவர் ஐம்பத்தைந்து வயதில் நாற்பது போல இருந்தார். முகத்தில் ஒரு கோடு இல்லை. அவளுக்கு ஐம்பத்தொன்று. காலையில் விமான நிலையத்தில் ஒரு பையன் ஓடிவந்து, "அம்மாவுக்கு வீல்சேர் வேணுமா சார்?" என்று அவரிடம் கேட்டான். அவர் பெருந்தன்மையாக, "வேண்டாம்ப்பா, நடப்பாங்க," என்று சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அவர் அப்படித்தான். என்றைக்கும் அவளைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னவரில்லை.

"மேடம், சாரோட தூக்கத்த நீங்க தூங்கறப்ப உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

மைக் அவள் பக்கம் திரும்பியது.

"ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள் அம்சவேணி.

முதல் நாளும் இதையேதான் சொன்னாள். பதினான்கு வருடங்களுக்கு முன்பு, முதன்முதலாக அந்தப் பட்டையோடு தூங்கி எழுந்தபோது, படுக்கை அருகில் நல்லசிவமும் இளைஞனாக இருந்த தாமோதரனும் நின்றிருந்தார்கள். "ஏதாச்சும் கனவு வந்துச்சா வேணி? என்னோட எதாச்சும் தெரிஞ்சுதா?" என்று அவர் கேட்டார். தெரிந்தது. முந்தைய நாள் அவள் நாலு வயது மகள் நித்திலாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்ததை அவர் கதவோரம் நின்று பார்த்திருக்கிறார். அவர் கண் வழியாக அவள் தன்னையே பார்த்தாள். கலைந்த கொண்டையும் மஞ்சள் அப்பிய புடவையுமாக இருந்த தன்னை அவர் நெஞ்சு எப்படி அள்ளிக்கொண்டது என்பதையும் உணர்ந்தாள். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவர் வாயைத் திறந்து சொல்லாத ஒன்று. அதை ஒரு வாலிபப் பையன் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எந்தப் பெண்பிள்ளை சொல்வாள்? முகம் சிவக்க, "ஒண்ணுமில்லீங்க," என்றாள்.

அந்த ஒண்ணுமில்லீங்க ஆராய்ச்சிக்குள் போயிற்று. தூங்குகிறவருக்கு எதுவும் கடந்து போவதில்லை என்று உலகத்துக்கே சொல்லப்பட்டது. பிறகு கூலிக்கு வந்து தூங்கிய பெண்களும் அதையேதான் சொன்னார்கள். வேலை போய்விடுமோ என்கிற பயம் அவர்களுக்கு. கேட்டவர்களுக்கும் வேறு பதில் தேவைப்படவில்லை.

இந்தப் பதினான்கு வருடங்களில் கோயம்புத்தூரில் மூடிக் கிடந்த நூல் மில்கள் பல தூக்கக் கூடங்களாகி இருந்தன. தறிகள் இருந்த இடத்தில் கட்டில்கள் வரிசை பிடித்தன. பழைய மில் சங்கு மறுபடி ஊதியது. ஷிஃப்டுக்குப் பெண்கள் தலையணையோடு போய் வந்தார்கள். "எங்க கொழுந்தியா மாதிரி ஆகுமா, படுத்துட்டே சம்பாரிக்கிறா," என்று பஸ்ஸில் கேலி பேசினார்கள். அந்தப் பெண்கள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள் என்பது கேலி பேசியவர்களுக்குத் தெரியவில்லை.

அம்சவேணிக்குத் தெரியும். அவருக்காக ஏழு மணி நேரம் தூங்கிவிட்டுத் தனக்காகவும் ஏழு மணி நேரம் தூங்கினால் குடும்பம் நடத்துவது யார்? அதனால் தன் தூக்கத்தைக் கிள்ளிக் கிள்ளிக் குறைத்துக்கொண்டாள். அவருடைய நாள்கள் எல்லாம் அவள் தலைக்குள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. தோய்க்க நேரம் கிடைக்காத அவளுடைய நாள்கள் ஒவ்வொன்றாய் நைந்து போயின.

*

பேட்டி முடிந்து அறைக்கு வந்ததும் நல்லசிவம் கண்ணாடி முன் நின்று கோட்டைச் சரிசெய்தார். அவள் பட்டுப்புடவையின் மடிப்பை நீவிக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, மயிலாத்தாங்கற பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்குங்களா?"

"மயிலாத்தா..." ஒரு நொடி யோசித்தார். "ஆமா. சூலூர்ப்பக்கம். ஒரே நேரத்துல மூணு பேர் தூக்கத்த ஒருத்தரு தூங்க முடியுமான்னு பாத்தமே, அதுல இருந்தாங்க. நடுவுல நின்னுட்டாங்க. உனக்கெப்படித் தெரியும்?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். ஒளிக்கிற முகமாக இருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதில் ஒரு சலனமும் இல்லை. மழலைக் குழந்தையின் முகத்தைப் போலத் துடைத்து வைத்திருந்தது.

"ஒண்ணுமில்லீங்க," என்றாள் பழக்கத்தில். பிறகு, "நித்திலா வேண்டாங்க," என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"மறுபடியுமா?" அவர் திரும்பி அவள் தோளைத் தொட்டார். "உனக்கு இப்பெல்லாம் அஞ்சு மணி நேரத்துல முழிப்புத் தட்டிருது. எனக்குப் பாதிதான் தெளியுது. டாக்டரும் உன்னை ஓய்வெடுக்கச் சொல்லிட்டாரு. நீ எனக்காகத் தூங்கினது போதும் கண்ணு. இனிமேப்பட்டு ஊரச் சுத்து, கோயில் குளம்னு போ. பதினெட்டு வயசுப் பொண்ணு, நல்லாத் தூங்குவா. அவளே ஆசப்பட்டுத்தான் கேட்டா."

அது பொய்யில்லை. நித்திலாவே கேட்டாள். அன்று மேடையில் செய்து காட்டப்போவதும் அவள்தான். அப்பாவின் அன்றைய நாளை முதல் முறையாக அவள் நெற்றியில் கட்டப்போகிறார்கள். பட்டையை அம்மா கையால் மகளுக்குக் கட்டிவிட்டால் பார்க்கிறவர்களுக்கு நெகிழ்ச்சியாக இருக்கும் என்று விழாக்காரர்கள் யோசனை சொல்லியிருந்தார்கள்.

பக்கத்து அறையில் நித்திலா தலைமுடியை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அம்சவேணி சீப்பை எடுத்துச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

"அம்மிணி, நீ காலேஜ் சேரோணும்ல? தூங்கினா எப்படிப் படிப்பே?"

"மத்தியானம் வரைக்கும் தூங்கிட்டு சாயங்காலம் படிச்சுக்கறேன். நீ சமையல் பண்ணல?"

"பண்ணினேன். ஆனா என்ன சமைச்சேன்னு ஞாபகம் இல்ல."

"உனக்கு என்னதான் ஞாபகம் இருக்கு?" நித்திலாவின் குரல் சட்டென்று கூர்மையானது. "என்னோட ஆண்டு விழாவுக்கு வந்தே, கை தட்டினே, மறுநாள் எப்போ ஆண்டு விழான்னு கேட்டே. என்னோட ஃபிரெண்ட்ஸ் பேரு ஒண்ணுகூடத் தெரியாது உனக்கு. நான் பெரியவளான நாளாவது ஞாபகம் இருக்கா?"

சீப்பு நின்றது.

இருந்தது. ஆய்வுக்கூடத்தின் நடைபாதையில் கைப்பேசி அடிக்கிறது. எடுத்தால் அம்சவேணியின் குரல். அழுகையும் சிரிப்புமாய், "என்னங்க, நம்ம பாப்பா உக்காந்துட்டா. எப்ப வர்றீங்க?" என்கிறது. "மீட்டிங் இருக்கு வேணி, நீ பாத்துக்க," என்று பதில் போகிறது. மகளின் அந்த நாளில் அவளுக்கு எஞ்சியிருந்தது போனில் கேட்ட தன்னுடைய குரல் மட்டும்தான். பச்சை ஓலைக்குடிசையோ, புட்டு வாசனையோ, வெட்கத்தில் குனிந்த மகளின் முகமோ எதுவும் இல்லை. எவ்வளவு தேடினாலும் இல்லை.

"பாத்தியா," என்றாள் நித்திலா. "அப்பாவோட நாள நான் தூங்கறது எனக்குப் பெருமைம்மா. நாடே பாக்கப்போகுது. உனக்குப் பொறாமையா இருக்கா?"

"இருக்கும்," என்றாள் அம்சவேணி. பின்னலைப் போட்டு முடித்தாள்.

*

விழா மண்டபத்தின் பின்பக்க நடைபாதையில் தாமோதரன் நின்றிருந்தான். இப்போது அவன் ஆய்வுக்கூடத்தின் துணைத் தலைவர். காதோரம் நரைத்துவிட்டது. கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. அவளைப் பார்த்ததும் கை குவித்தான்.

"வாங்க அக்கா. பெரிய நாளு."

"தாமு, அன்னிக்கு உன்னோட சட்டைப் பையில இங்க் ஊத்தியிருந்துச்சே, அந்தச் சட்டைய என்ன பண்ணினே?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "எந்தச் சட்டைங்க்கா?"

"மயிலாத்தா செத்துப்போனத நீ அவருகிட்டச் சொல்ல வந்தப்பப் போட்டிருந்தியே. மேசை ஓரத்தையே பாத்துட்டு நின்னே. அவரு காப்பில சக்கரை இல்லைன்னாரு."

தாமோதரனின் முகம் வெளிறிப் போனது. சுவரில் சாய்ந்துகொண்டான்.

"சாருங்களா சொன்னாரு?"

"அவருக்கு அது ஞாபகமே இல்ல தாமு. இப்பத்தான் கேட்டேன். நடுவுல நின்னுட்டாங்கன்னு சொல்றாரு. அவருக்கு அதுதான் உண்மை."

அவன் மெல்ல நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பதினான்கு வருட ஆராய்ச்சியும் அந்த ஒரு பார்வையில் கவிழ்ந்தது அவளுக்குத் தெரிந்தது.

"கடந்து வருதுங்களா? எத்தன நாளாங்க்கா?"

"முதல் நாள்ல இருந்து."

"எல்லாமுங்களா?"

"உறுத்தாத விஷயம் அவருக்குத் திரும்பிப் போயிருது. உறுத்தறது என்கிட்டத் தங்கிருது. அவங்க அப்பா பட்டறைல துணி வெளுப்பா, சுத்தமா வெளிய போகும் தாமு. நொய்யல் ஆறு செகப்பாவும் பச்சையாவும் ஓடும். துணிக்கு ஆத்தப் பத்தி என்ன தெரியும்?"

உள்ளே யாரோ ஒலிபெருக்கியைச் சரிபார்த்தார்கள். தாமோதரன் குரலைத் தாழ்த்தினான்.

"அந்தம்மா மூணு பேர் தூக்கத்தத் தூங்கினாங்க. நாலாவது மாசம் ரேஸ்கோர்ஸ் பக்கம் அந்த மூணு பேருல ஒருத்தரு வீட்டுக்குப் போயி, சாப்பாட்டு மேசைல அவரு நாற்காலில உக்காந்துட்டாங்க. அவரு மகன வீட்டுல கூப்புடற பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. சொந்தத் தங்கச்சி வந்து கூப்பிட்டா யாருன்னு தெரியல. புத்தி பேதலிச்சுருச்சுன்னு எல்லாருமா முடிவு பண்ணினோம். நானும்தான். கடந்து வருதான்னு யோசிக்கவே இல்ல."

"நீ ஏன் இன்னைக்கு வரைக்கும் பட்டை கட்டறதில்ல?"

"என் தூக்கத்த நானேதான் தூங்கறேனுங்க்கா." அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "அதனாலதான் ஆறு வருஷமாச் சரியாத் தூக்கமே வர்றதில்ல. அந்தத் தங்கச்சி படிக்கட்டுல உக்காந்திருந்தது வந்துட்டே இருக்குது. சாருக்கு எப்படி இப்படி முகம் பளபளன்னு இருக்குதுன்னு நான் ஆச்சரியப்பட்டிருக்கேன். கல்நெஞ்சுக்காரருன்னு திட்டியிருக்கேன். பாவம், அவருகிட்ட அது இல்லவே இல்ல. நீங்க வெச்சிருக்கீங்க."

இந்த மனிதர் கெட்டவரில்லை என்று இத்தனை வருடம் அம்சவேணி தனக்குத் தானே சொல்லி வந்தாள். அது சரிதான். அன்று அவருக்கு வயிறு புரட்டியது. அது அவரிடமே இருந்திருந்தால் இரண்டு நாளில், நான்கு நாளில், ஒரு வாரத்தில் அந்தத் தங்கையைத் தேடிப் போயிருப்பார். சோதனையை நிறுத்தியிருப்பார். அவள்தான் மறுநாள் சமர்த்தாகப் படுத்து அதை அலசி எடுத்துவிட்டாள். அன்போடு செய்த வேலை. வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பட்டையைச் சாமி அலமாரியில் வைத்து, குங்குமமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு செய்த வேலை.

"தாமு, இன்னிக்கு நடக்கறத அவரே தூங்கினா என்னாகும்?"

"அவருகிட்டயேதான் தங்கும். எல்லா மனுசங்களுக்கும் தங்கற மாதிரி."

"அவருக்குத் தூங்க வருமா?"

"வரும்க்கா. உடம்பு அத மறக்காது." தாமோதரன் தயங்கினான். "ஆனா விருது போயிரும். நானும் உள்ள போக வேண்டி வரும்."

"தெரியும்."

அவன் மேடைக்குப் போகும் கதவைத் தள்ளித் திறந்தான். "போங்க்கா," என்றான். "கேட்டா நானும் சொல்றேன்."

*

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையின் நடுவில் சாய்வான வெள்ளை இருக்கை. அதில் நித்திலா பட்டுப்பாவாடையும் மல்லிகையுமாய், கல்யாணப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பதக்கம் ஒரு தட்டில் சிவப்புத் துணிமேல் காத்திருந்தது. பின்னாலிருந்த பெரிய திரையில், தூக்கக் கூடம் ஒன்றின் படம் ஓடியது. வரிசை வரிசையாய்க் கட்டில்கள், வரிசை வரிசையாய்ப் பெண்கள். எல்லோர் நெற்றியிலும் பட்டை. அடுத்த வருடத்துக்குள் பத்து லட்சம் பெண்களுக்கு வேலை என்று அறிவித்தபோது கைதட்டல் ஓயவே இல்லை.

"இப்போது டாக்டர் நல்லசிவம் தன் இன்றைய நாளை இறக்கி வைப்பார். அவருடைய துணைவியார், நாட்டின் முதல் உறங்குதுணை, பட்டையைக் கட்டிவிடுவார்," என்று அறிவித்தார்கள். அவள் புடவைத் தலைப்பில் ஒரு சின்ன மைக்கைச் செருகியிருந்தார்கள். பட்டை அவள் கையில் இருந்தது. நாள்பட்டுப் பழகிய பொருள். உள்பக்கம் அவள் நெற்றிக் குங்குமத்தின் கறை.

நல்லசிவம் அவள் முன்னால் வந்து, வழக்கம்போலத் தலையைக் குனிந்தார். எத்தனை விடியற்காலைகள் சாப்பாட்டு மேசையில் இப்படிக் குனிந்திருக்கிறார். வகிட்டில் இன்னும் ஒரு நரை இல்லை. அவளுக்கு அந்தத் தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஏழு வருடம் அவர் பக்கத்தில் படுத்தவள். அதன்பிறகு பதினான்கு வருடமாக அந்தக் கட்டிலில் பாதி காலியாகவே கிடந்தது. அவர் அயர்ந்து தூங்குவதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவள் ஏங்கியதுண்டு. ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்த வார்த்தை, வேலை இருக்கு என்று அவர் எழுந்ததும் உள்ளே போய்விடும்.

அவள் பட்டையைக் கட்டவில்லை.

"வேணி?" என்றார் குனிந்தபடியே.

"நான் சொல்றதக் கேளுங்க," என்றாள். அவள் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. கண்ணாடி அறைக்குள் இருந்த மொழிபெயர்ப்புப் பெண், வரவேற்புரை என்று நினைத்து ஆரம்பித்தாள். "மயிலாத்தா நடுவுல நிக்கலைங்க. செத்துப்போயிட்டாங்க. மூணு பேரு தூக்கத்தத் தூங்கி, தான் யாருன்னே தெரியாமப் போயி, ஆஸ்பத்திரியில எந்திரிக்காமப் போயிட்டாங்க. சொந்தக் காரணம்னு போடச் சொன்னது நீங்க. காப்பில சக்கரை இல்லைன்னீங்க. சக்கரை இருந்துச்சு. உங்களுக்கு வயிறு புரட்டுச்சு. அத நான் தூங்கிட்டேன்."

மொழிபெயர்ப்புப் பெண்ணின் குரல் நின்றுபோனது. முன்வரிசையில் இருந்தவர்கள் காதுக்கருவியைத் தட்டிப் பார்த்தார்கள்.

நல்லசிவம் நிமிர்ந்தார். அவர் முகத்தில் குழப்பம் மட்டும் இருந்தது. எங்கோ பூட்டிய வீட்டின் கதவைத் தட்டுகிறவரைப் போல நின்றார். "என்ன வேணி சொல்றே? உனக்கு எப்படி..." என்றார். பார்வை மேடையின் ஓரத்துக்குப் போனது. அங்கே தாமோதரன் நின்றிருந்தான். அவன் தலையை அசைத்தான். ஆமாம் என்று.

"எல்லாமே எனக்கு வந்துச்சுங்க," என்றாள் அம்சவேணி. "நீங்க என்னை ஆசையாப் பாத்தது வந்துச்சு. உங்கப்பா செத்தப்ப நீங்க அழாத அழுகை வந்துச்சு. மயிலாத்தா வந்தாங்க. என் பொண்ணு மட்டும் வரல. அவ வளந்தது ஒண்ணும் என்கிட்ட இல்ல. ஒண்ணுமில்லீங்கன்னு நான் உங்ககிட்டச் சொன்னதெல்லாம் பொய்."

வெள்ளை இருக்கையில் நித்திலா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மல்லிகை ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவள் வாய் அம்மா என்றது.

"கண்ணு, நீ எறங்கி வா," என்றாள் அம்சவேணி. "உன்னோட நாளு உனக்கு வேணும்."

நித்திலா இறங்கினாள். இருக்கை காலியானது. மேடைக்குக் கீழே நாற்காலிகள் நகரும் சத்தம். யாரோ மைக்கை அணைக்கச் சொல்லிக் கையசைத்தார்கள். நல்லசிவத்தின் கை, பதினான்கு வருடப் பழக்கத்தில், பட்டைக்காக நீண்டது. இந்த நொடியையும் அவர் அதில் இறக்கி வைத்துவிட முடியும். நாளை காலையில் இதுவும் அவருக்கு ஒரு தகவலாகத் திரும்பி வரும். மேடையில் ஒரு இடையூறு, சொந்தக் காரணம்.

அம்சவேணி பட்டையை இடுப்பில் செருகிக்கொண்டாள். நீண்டிருந்த அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அது சில்லென்றிருந்தது. வாய் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போன வார்த்தை இந்த முறை திரும்பவில்லை.

"நான் பக்கத்துலயே இருக்கேன். எங்கயும் போகல. இன்னிக்கு ராத்திரி உங்க தூக்கத்த நீங்களே தூங்குங்க."